கனமழையில் சுடக்கூடாது

"தூத்தல் போடுது பாரு. மேல பாக்கறவன் ஒருத்தனும் கிடையாது."

காலையில் காபிக் கோப்பையோடு ஜன்னலுக்குப் போனால் ஓட்மார் இதைத்தான் சொல்வார், வெயில் அடித்தாலும். மாதா கோவிலுக்குப் பின்னால் கூடும் சனிக்கிழமைச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிறவர். முதல் சொட்டு விழுந்ததும் தார்ப்பாயை இழுத்துக் கடையை மூடிவிடுவார். "மண்ணுல நனைஞ்சு வளர்ந்த கிழங்குக்குக் குடை பிடிக்கிறாரு நம்ம அண்ணன்" என்று பக்கத்துக் கடை முட்டைகோஸ்காரி வம்புக்கு இழுப்பாள். ஓட்மாரின் மனைவி இர்மா கிழங்குக் கூடையைத் தார்ப்பாய்க்குள் தள்ளுவாள். காரணம் அவளுக்குத் தெரியும். கோஸ் விற்கிறவளிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இரண்டாம் உலகப் போரில் ஓட்மார் மோர்டார்க்காரர். இரண்டு மூன்று பேர் பிரித்துத் தூக்கிப்போகிற குட்டிக் குழாய்ப் பீரங்கி அது. அதன் இரும்புத் தட்டைச் சுமந்து சுமந்து அவருடைய வலது தோள் இறங்கிப்போனது; சட்டை தைக்கும்போது இர்மா அந்தப் பக்கம் துணியைக் கொஞ்சம் மடித்துவிடுகிறாள். இத்தனூண்டு குண்டுக்கு அத்தனை திருகாணி என்றால், காபி அரைக்கிற மிஷின் செய்தவனே இதையும் செய்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

அந்தக் குண்டின் மூக்கு தொட்டாற்சிணுங்கி. கொழுத்த மழைத்துளி பட்டாலே வெடித்துவிடலாம். அதனால் கனமழையில் சுடக்கூடாது என்று பட்டாளமே விதி போட்டிருந்தது. விதி போட்டதும் அவர்கள்தான், ரஷ்யாவில் ஒரு மழை நாளில் சுடச் சொன்னதும் அவர்கள்தான். சார்ஜென்ட் வென்ட்லர் கத்தினார். கூட இருந்த கூனோ குழாய்க்குள் குண்டைப் போட்டார். ஓட்மார் விசையை இழுத்தார். குழாயின் வாயைத் தாண்டியதும் குண்டு வெடித்தது. கூனோ அங்கேயே போய்விட்டார். எதிரியின் குண்டு என்று வென்ட்லர் முடித்துவிட்டார்.

கூனோவும் இந்த ஊர்தான். அவர் மனைவி ஹெட்விக்கும் இர்மாவும் பள்ளியில் ஒரே பெஞ்ச். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு இருவரும் ஒரே மேஜையில்தான் மாவு பிசைவார்கள். ஹெட்விக்கிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று ஓட்மார் கேட்டபோதெல்லாம் இர்மா அடக்கிவைத்தாள். "சொன்னா அவ புருஷன் எந்திரிச்சு வரப்போறானா? எனக்கு இருக்கறதே ஒரு சிநேகிதி."

போன நவம்பரில், போரில் செத்தவர்களுக்காக ஊர் கூடுகிற ஞாயிறு. வென்ட்லர் இப்போது முன்னாள் வீரர் சங்கத் தலைவர், தொப்பையும் பதக்கமுமாக. நினைவுக் கல்லுக்கு மாலை வைத்துவிட்டு, ரஷ்யக் குண்டுக்கு மார்பு காட்டியவன் கூனோ என்று முழங்கினார். கறுப்புக் கோட்டில் ஹெட்விக் அழுதபடி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் ஓட்மாரால் தாங்க முடியவில்லை.

"ரஷ்யாக்காரன் குண்டு இல்ல ஹெட்விக். நம்ம குண்டு. மழையில சுடாதேன்னு விதி. இந்தாளு சுடச் சொன்னான். இழுத்தது நான்."

வென்ட்லர் பதறவே இல்லை. பாவம், போரில் புத்தி பிசகிய மனுஷன் என்று கூட்டத்துக்கு விளக்கினார். கூட்டமும் அப்பாடா என்று அதைப் பிடித்துக்கொண்டது. ஹெட்விக் பிடித்துக்கொள்ளவில்லை. நேரே இர்மாவிடம் வந்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

இர்மா தரையைப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது. அந்த வருஷம் அவள் தனியாகத்தான் மாவு பிசைந்தாள்.

அந்தப் பக்கம் போனால் ஒரு சனிக்கிழமை அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். கிழங்கு நல்ல கிழங்கு, எடையில் கைவைக்க மாட்டார்கள். நீங்கள் நிற்கும்போதே ஹெட்விக் வந்து எதிரே நிற்பாள். அவள் இருக்கும்வரை ஓட்மார் தராசைத் தொடமாட்டார், அவசரப்படுத்தாதீர்கள். இர்மா குனிந்து, சொத்தை இல்லாத கிழங்காகப் பொறுக்கிப் பையில் போட்டு அவள் பக்கம் நீட்டுவாள். ஹெட்விக் வாங்காமல் திரும்பி நடந்து, கோவில் மூலையில் மறைந்த பிறகும் அந்தக் கை நீட்டினது நீட்டினபடியே இருக்கும்.