பூஜை அலமாரியில் இருந்த தொப்பிச் சங்கு

எங்கள் வீட்டில் மறுபடியும் மீன் குழம்பு கொதிக்கிறது. அந்த வாசனை வரும்போதெல்லாம் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. மூட்டையை ஏற்றிக்கொண்டதும் நான்தான்.

என் மனைவியின் கம்மல் ஒன்று காணாமல் போயிற்று. துணி காயப்போடும்போது கொல்லையில் விழுந்திருக்கும் என்றாள். அவளுடைய தம்பி ஆன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கடற்கரை மணலில் தடவிக்கொண்டு நடப்பான். அதுவரை அகப்பட்டதெல்லாம் சோடா மூடியும் குடைக்கம்பியும்தான். கம்மலைத் தேட அதைத் தூக்கிக்கொண்டு நேமத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான்.

கிணற்றுக்கும் வாழைக்கும் நடுவில் அது விடாமல் கத்தியது. தோண்டினோம். வந்தது கம்மல் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு உலோகச் சங்கு. என்ன உலோகம் என்று தெரியாதபடி களிம்பும் மண்ணும் அப்பியிருந்தன. சங்குக்குக் கீழே வளைவாக ஒரு பட்டை, அதில் தேய்ந்த கீறல்கள்.

"அத்தான், கோளடிச்சாச்சு, புதையலாக்கும்," என்றான் மச்சினன்.

இந்த ஊரில் சங்கு என்றால் கோட்டைக்குள் பள்ளிகொண்டிருக்கிற பெருமாளுடையது. அந்தக் கோயிலின் நிலவறைப் பொன்னைப் பற்றிக் கேட்காமல் தம்பானூர் ரயிலடியில் என் ஆட்டோவில் ஏறும் வெளியூர்க்காரர்கள் குறைவு. நானும் கதையைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன். இப்போது அந்தக் கதையே என் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தக் காலத்திலோ யாரோ திருடிப் புதைத்த கோயில் பொருள்தான் இது, கீறல்கள் பழைய லிபி என்று முடிவு கட்டிவிட்டேன்.

வைத்துக்கொண்டால் தெய்வக் குற்றம். கொண்டுபோய்க் கொடுத்தால், மீதி எங்கே என்று போலீஸ் கேட்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். காக்கிச் சட்டையைப் பார்த்தாலே ஆட்டோவின் எல்லாக் காகிதங்களும் இருந்தும் எனக்கு வேர்க்கும். கொல்லையை முழுவதும் தோண்டிப் போட்டுவிட்டு என்னையும் ஜீப்பில் ஏற்றுவார்கள் என்று பட்டது. மச்சினனிடம் யாரிடமும் மூச்சு விடாதே என்று சத்தியம் வாங்கினேன்.

சங்கைத் தேய்க்கவும் பயம். பால் விட்டுக் கழுவி, சந்தனம் பூசி, பூஜை அலமாரியில் வைத்து விளக்கேற்றினோம். சாமி பொருள் இருக்கிற வீட்டில் மீன் வேண்டாம் என்றேன். கம்மல் தலையணை உறைக்குள்ளிருந்து கிடைத்தது. அதையும் சங்கின் அருள் என்று மனைவி சொன்னபோது என் பயம் இன்னும் கூடியது.

பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்துதான் இந்த மனையை வாங்கினோம். அவர்கள் கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவர்கள், பாறசாலைப் பக்கம் பிறந்தவர்கள். நல்ல மீன் கிடைத்தால் மதிலுக்கு மேலே ஒரு பங்கு நீட்டுவார்கள். மூன்றாவது முறையும் வேண்டாம் என்றதும் சட்டியோடு நேரே அடுக்களைக்கே வந்துவிட்டார்கள்.

"எந்தா மக்களே, எங்கிட்ட பிணக்கமா? நெய்மீனாக்கும். இத வேண்டாம்ன்னு சொல்லுதவங்கள நான் கண்டதில்ல."

"பிணக்கம் ஒண்ணும் இல்ல அக்கா," என்றாள் மனைவி. என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் தடுத்தேன். அவள் சங்கு விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

அக்கா அலமாரியிலிருந்து சந்தனச் சங்கைக் கையில் எடுத்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கம் இரண்டு சின்ன வளையங்கள் இருந்தன. கம்பி கோத்துக் கழுத்தில் தொங்கவிடுவதற்கு என்று நான் நினைத்திருந்தேன்.

"கொஞ்சம் புளி எடு பிள்ளே."

"அக்கா, தேய்க்க வேண்டாம், சாமி பொருள்," என்றேன்.

"சும்மா இரு தம்பி. சாமிக்கு நோவாது."

புளியைப் போட்டுக் குழாயடியில் தேய்த்தார்கள். சந்தனம் போயிற்று, களிம்பு போயிற்று, பித்தளை மஞ்சளாக வந்தது. பட்டையிலிருந்த என் பழைய லிபி இங்கிலீஷ் எழுத்தாக எழுந்து நின்றது. அந்த எழுத்துகள் எனக்கே தெரியும்.

"உங்க பெருமாள் இங்கிலீஷ் ஸ்கூலிலயா படிச்சாரு?" என்று கேட்ட அக்கா சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு சட்டம் போட்ட புகைப்படம். அவர்களுடைய மாமனார், இளவயதில், பட்டாள உடுப்பில். தொப்பியில் அதே சங்கு, கீழே அதே வளைந்த பட்டை.

"ராஜா காலத்துப் பட்டாளம். ராஜாவுக்கும் சங்குதானே முத்திரை. இந்த வளையத்தில பின்னு போட்டுத் தொப்பில கோக்கணும். பட்டாளம் விட்டு வந்து மாமா உங்க கொல்லை கிடக்குற இந்தப் பறம்பிலதான் மரச்சீனிக் கிழங்கு நட்டாரு. தொப்பிய பிள்ளைங்க விளையாடி எங்கயோ போட்டுக் களைஞ்சிட்டுன்னு கடைசி வரைக்கும் ஏசி வழக்குப் பறைஞ்சாரு."

மச்சினனுக்குப் போன் செய்தேன். நெட்டில் 'கோயில் சங்கு' என்று தேடி என்னை இன்னும் பயமுறுத்தியவன் அவன்தான். இந்தமுறை தொப்பி, பட்டாளம் என்று போட்டுத் தேடினான். "அத்தான், அச்சு அசல் இதேதான். நிறையப் படம் கிடக்கு," என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கோ நிம்மதி. ஜீப் வராது. கொல்லையைத் தோண்ட மாட்டார்கள். பெருமாளுக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை.

உடனே அடுத்த பயம் வந்தது. "அக்கா, நாங்க பாலூத்தி, சந்தனமெல்லாம் பூசி... மாமாவுக்கு அது தெற்றாகுமா, கோவிச்சுக்குவாரா?"

அக்கா சிரித்த சிரிப்பில் புகைப்படம் ஆடியது. "சபையில மூப்பரா இருந்த ஆளு. செத்த பிறகு அவருக்கு அபிஷேகம் நடத்தினது நீ ஒருத்தன்தான் தம்பி."

சங்கை அவர்களிடமே கொடுத்தேன். இப்போது அது புகைப்படச் சட்டத்தின் மூலையில் நூலால் கட்டித் தொங்குகிறது. அந்தப் பக்கம் போனால் என் மனைவி பழக்கத்தில் கைகூப்பிவிடுகிறாள்.

அன்றைக்கு மத்தியானம் அந்த மீனை மனைவி குழம்பு வைத்தாள், நான் சட்டியோடு வைத்துச் சாப்பிட்டேன். புளி கொஞ்சம் குறைவாக இருந்தது. பாதியைச் சங்கு தின்றுவிட்டது என்றாள் மனைவி.