பின் சீட் இல்லாத இரண்டு குதிரை

பிரான்சின் ஓப்ராக் மேட்டுநிலத்தில் இருபத்தாறு வருடம் பிரசவம் பார்த்தவள் லெயோந்தீன் வெசாத். முதல் பதினெட்டு வருடம் சைக்கிள்தான். பனி கொட்டினால் நடை. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு, "பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடுற பொண்டாட்டியை எவன் வச்சுக்குவான்?" என்பாள்.

1950இல் சித்ரோன் கார் கம்பெனிக்கு எழுதி, 'இரண்டு குதிரை' என்ற சின்னக் கார் ஒன்று கேட்டாள். கிடைப்பது ஒரே நிறம், சாம்பல். வரிவரியான தகர மூக்கு, சுருட்டி வைக்கும் கித்தான் கூரை, பெட்ரோல் எவ்வளவு என்று விட்டுப் பார்க்க ஒரு குச்சி. குடியானவன் தொப்பியோடு உட்காரவும், முட்டைக் கூடையோடு உழுத நிலத்தைக் கடக்கவும் வேண்டும் என்றே வரைந்த வண்டி. பார்த்ததும் பாரிஸ்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் வரிசையில் நின்றார்கள். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிராமத்து டாக்டர், மருத்துவச்சி, பங்குச்சாமியார் போன்றவர்களுக்கு மட்டும் முன்னுரிமை. அங்கேதான் வம்பு. ஊர்ச் சாமியார் கெய்ரோலும் அதே வாரம் விண்ணப்பித்திருந்தார்.

"சாகப் போறவன் காத்திருக்க மாட்டான், லெயோந்தீனம்மா. கடைசி எண்ணெய் பூச நான் நேரத்துக்குப் போய்ச் சேரணும்."

"பிறக்கப் போறது மட்டும் காத்திருக்குமா, சாமி? உங்க ஆளுங்க அவசரப்படாம மெதுவாப் போகட்டும்."

1953இல் வண்டி அவளுக்குத்தான் வந்தது. சாமியார் மூன்று வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மே மாதக் கடைசியில் மாடுகளுக்குப் பூச்சூட்டி மேய்ச்சலுக்கு மேலே ஓட்டிப்போகும் திருநாள் வந்தது. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் புல்வெளிக்குப் போனதும் செய்கிற முதல் வேலை, சீட்டுகளைக் கழற்றிப் புல்லில் போடுவது. குழாய்ச் சட்டத்தில் ரப்பர் பட்டியால் இழுத்துக் கட்டிய துணிதானே, ஒரு தூக்கில் வந்துவிடும். சாமியார் ஒரு தட்டு அலிகோவோடு பின் சீட்டில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"வண்டிதான் எனக்கில்லை. சீட்டாவது இருக்கட்டும்" என்று சொல்லி, நூல் நூலாக இழுபடும் உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் கரண்டியில் சுற்றினார்.

அப்போது சரிவுக்கு மேல் பண்ணையிலிருந்து ஃபிர்மான் ஓடிவந்தான்.

"ஒதீலுக்குப் பனிக்குடம் உடைஞ்சிருச்சு! இன்னும் மூணு வாரம் இருக்குன்னு சொன்னீங்களே!"

அவன் மனைவி ஒதீல் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் பிரசவத்தில் பறிகொடுத்தவள். லெயோந்தீன் ஓட்டுநர் சீட்டை மட்டும் உள்ளே மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். ஃபிர்மானுக்குப் பின்னாலேயே சாமியாரும் ஏறித் தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கு? அங்கியைப் பார்த்தாலே அவளுக்குப் பாதி உயிர் போயிரும்."

"நான் வண்டியை விட்டு இறங்கலை. போதுமா?"

வீட்டில் பார்த்தால், பிள்ளையின் தலைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கியிருந்தது. தலை அதை அழுத்தினால் சில நிமிடங்களில் பிள்ளை போய்விடும். லெயோந்தீன் இரண்டு விரலால் தலையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டாள். இனி ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அந்தக் கையை எடுக்க முடியாது. ஃபிர்மானுக்கு ஓட்டத் தெரிந்ததெல்லாம் மாடு. அவள் ஜன்னல் பக்கம் கத்தினாள்.

"சாமி! சண்டையில லாரி ஓட்டினேன்னு பீத்திக்குவீங்களே, இப்ப வந்து ஓட்டுங்க!"

பின் சீட் இருந்திருந்தால் ஒதீலைப் படுக்க வைத்திருக்கவே முடியாது. அது புல்வெளியில் கிடந்ததால் மெத்தை தரையில் நீளமாக விரிந்தது. இடுப்புக்கு அடியில் ஒரு மாவு மூட்டை. தலைமாட்டில் புருஷன், கால்மாட்டில் மண்டியிட்ட லெயோந்தீன். ஆஸ்பத்திரி இருபத்தேழு கிலோமீட்டர். வழியில் மழை பிடித்தது. இந்த வண்டியில் கண்ணாடி துடைப்பான் சக்கரத்தின் வேகத்தில்தான் ஓடும். வளைவில் மெதுவாக்கினால் அதுவும் தூங்கிவிடும். சாமியார் ஒரு கையால் அதன் குமிழைத் திருகிக்கொண்டே ஓட்டினார்.

"மெதுவா!"

"மெதுவாப் போனா கண்ணு தெரியலை, வேகமாப் போனா நீங்க திட்டுறீங்க!"

வண்டி வளைவுக்கு வளைவு சாய்ந்ததே தவிர, தூக்கிப் போடவில்லை. லெயோந்தீனின் விரலுக்கு அடியில் கொடி துடித்துக்கொண்டே வந்தது. பாலத்தருகில் அது மங்கியது.

"நின்னுருச்சா?" என்று ஒதீல் கேட்டாள்.

"இல்லை" என்று லெயோந்தீன் பொய் சொன்னாள். தலையை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள். துடிப்பு திரும்ப வந்தது.

சிசேரியன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, அழுதது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் லெயோந்தீனின் விரல்கள் நிமிர மறுத்தன. சாமியார் அவற்றை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டார். அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

அதன்பிறகு அவள் பின் சீட்டைத் திரும்ப மாட்டவேயில்லை.

சாமியாரின் முறை 1955இல்தான் வந்தது. புது வண்டியை நேரே அவள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹாரன் அடித்தார். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். பின் சீட்டைக் காணோம்.

"அதுக்குள்ள தொலைச்சுட்டீங்களா, சாமி?"

"கோயில் வாசல்ல போட்டிருக்கேன், கிழடுங்க உக்காரட்டும். நீங்க வேற ஊருக்குப் போயிருக்கறப்ப இங்க ஒருத்திக்கு வலி எடுத்தா என்ன பண்றது?"

"அப்ப சாகப் போறவங்க?"

"அவங்க கொஞ்சம் காத்திருப்பாங்க" என்றார் சாமியார்.