கரைக்குத் தெரியாத நீலம்

மழைக்கோட்டு விற்பவளுக்கு வெயில் அடித்தாலும் கவலை, மழை பெய்தாலும் கவலை; கடையில் நின்று நின்றே கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

படத்தில் இருப்பவர்கள்

எங்கள் கம்பெனி வெள்ளைக்காரன் காலத்தில் சென்னையில் தொடங்கியது. முதலில் துறைமுகத்து ஆட்களுக்குத் தைத்தார்களாம், பிறகு சைக்கிள்காரர்களுக்கு, பிறகு பைக் ஓட்டுபவர்களுக்கு. அன்றிலிருந்து ஒரே கருநீலம்தான். நான் வேலை பார்க்கும் காரைக்கால் கிளையில், அந்தக் காலத்து ஆட்கள் கோட்டுப் போட்டு வரிசையாக நிற்கும் படம் மாட்டியிருக்கிறது. ஆள் வராத பங்குனி மத்தியானங்களில் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு மழைச் சத்தம் கேட்கும். தலத்தெரு வாத்தியார் ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லார் காலடியிலயும் நிழல் விழுந்திருக்கே. இத்தனை வருஷமா வெயில்லயே நிக்க வச்சிருக்கீங்களேம்மா!"

நடக்கச் சொன்னவள்

சுனாமிக்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் இருக்கும். கோட்டுச்சேரிமேடு மீனவர் குப்பத்திலிருந்து செல்வி என்பவள் கடலுக்குப் போகும் தன் புருஷனோடு வந்தாள். நான் கோட்டின்மேல் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். அதை அவள் கவனிக்கவே இல்லை. கோட்டை அவருக்கு மாட்டி, கடல் பக்கம் போகும் சாலையில் தூறலில் நடக்கச் சொன்னாள். வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சாலையும் வானமும் ஒன்றாகி, அவர் அதில் கரைந்துபோனார். "வேணாம்க்கா. கரையில நின்னா இவங்க எனக்குத் தெரியமாட்டாங்க."

அவளுக்குப் பிறகு வந்த மீனவப் பெண்களும் அப்படியே நடக்கவிட்டுப் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை.

மூன்று நாள் கடிதம்

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். மஞ்சள் கோட்டு அனுப்பச் சொல்லிச் சென்னைக்கு எழுத மூன்று நாளாயிற்று. மேனேஜர் போனில் வந்தார். தை மாதத்துக்குள் சரக்கு விற்றுப் போகாவிட்டால் கிளையை மூடிவிடுவோம் என்றார். எனக்கு வேறு வேலை யார் தருவார்கள்? மஞ்சளை நினைவுபடுத்தினேன். "துறைமுகத்துக்கே நீலம்தான் குடுத்தோம். உங்க ஊருக்கு மட்டும் என்னம்மா?"

மேனேஜர் நடந்தார்

ஐப்பசி மழையில் அவரே வந்தார். செல்வியை வரச் சொல்லியிருந்தேன். "இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு அந்தக் கோடி வரைக்கும் போயிட்டு வாங்க சார்" என்றேன். போனார். இருபது அடியில் மங்கினார். பிறகு மழை மட்டும்தான் இருந்தது. திரும்பி வந்து, உள்சட்டையைத் தொட்டுக் காட்டி, ஒரு சொட்டு இறங்கவில்லை என்று பெருமையாகச் சிரித்தார். செல்வி சிரிக்காமல் கேட்டாள்:

"நனையாமத்தான் இருந்தீங்க சார். எங்க இருந்தீங்க?"

அடுத்த மாதமே மஞ்சள் கோட்டு வந்தது, கிளையும் தப்பியது, இப்போது கடற்கரைக்குப் போனால் தூரத்து மஞ்சள் புள்ளிகள் எல்லாம் கரைக்குத் திரும்புகின்றனவா என்று எண்ணிக்கொண்டு நிற்கும் கவலையும் எனக்குச் சேர்ந்துவிட்டது.