முன்சோதனையும் பின்சோதனையும்

எங்கள் தோட்டத்தில் துரை பார்வையிட வருகிறார் என்றால் வெள்ளை அடிப்பார்கள். ஆபீஸ் சாலையின் இரண்டு பக்கக் கற்களுக்கு, கால்வாய்க் கரைக்கு, கோயில் மதிலுக்கு, சுண்ணாம்பு மிஞ்சினால் கடைசியாகப் பள்ளிக்கூடத்துக்கு. வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய் உள்ளூர் மானேஜர் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்று யாரும் கேட்டதில்லை. சுவர் வெள்ளையாக இருந்தால் அவர் திட்டமாட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் ஒரு முறை எங்களை ஏமாற்றிவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது அது.

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே போகும் மண் சாலையின் முடிவில் இருந்தது தோட்டத் தமிழ்ப்பள்ளி. நான் அங்கே தற்காலிக ஆசிரியை. உயர்நிலைப்பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்திருந்தேன். பயிற்சி எதுவும் கிடையாது. டிசம்பரில் வேலை போகும், ஜனவரியில் திரும்ப வரும். அப்படிப் போய்ப் போய் வந்ததில் அது நான்காவது ஆண்டு. பிள்ளைகள் முன்னால் எனக்குக் குரல் நன்றாகவே வரும். பெரியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றால் அந்தக் குரல் எங்கோ உள்ளே போய்விடும். இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த ஆண்டின் நடுவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணை என் மூன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். ஈப்போவில் துணிக்கடை வைத்திருக்கும் செட்டிநாட்டுக் குடும்பத்துப் பெண். மூன்று மாதம் அவள் பாடம் நடத்த வேண்டும், நான் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லூரி விரிவுரையாளர் வந்து பார்த்துத் தேறினாளா இல்லையா என்று சொல்வார்.

முதல் நாளே எங்கள் தலைமையாசிரியர், பெரிய வாத்தியார், என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சொல்லும்போது மேசையில் உள்ள பேனாவைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்.

"ஏம்மா, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணு பாஸ் ஆயிட்டா அடுத்த வருசம் போஸ்டிங் இங்கதான். ஒன்னோட கிளாசுதான். பயிற்சி எடுத்தவங்க வந்துட்டா தற்காலிகத்த வெச்சிருக்க முடியாதுலா."

அவள் தேறினால் என் நாற்காலி அவளுக்கு. தேறாவிட்டால் எனக்கு இன்னொரு ஜனவரி. இந்தக் கணக்கு சாயங்காலத்துக்குள் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் ஒரு அக்கா கேட்டார்:

"என்னா டீச்சரு, ஒங்க நாற்காலிக்கு ஆள் வந்துருச்சாமே? பின்னால ஒக்காந்துகிட்டு சும்மாவா இருப்பீங்க? பசங்களக் கொஞ்சம் சத்தம் போடச் சொன்னாப் போதுமே!"

"அட, சும்மா இருங்கக்கா."

"நீங்க சும்மா இருந்தா ஜெலாப்பாங் பேக்டரி பஸ்ஸுலதான் ஏறணும். எம் மக போற பஸ்ஸுதான். எடம் போட்டு வைக்கச் சொல்லவா?"

அந்தப் பெண்ணை வெறுக்க முடிந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவள் என்னை 'அக்கா' என்று கூப்பிட்டாள். ஓய்வு நேரத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த சீயத்தில் பாதியைப் பிட்டு என் கையில் வைப்பாள். ஏற்கெனவே ஒரு முறை பயிற்சியில் தவறியவள் என்பதையும் அவளே சொன்னாள். பாடத்திட்டம் எழுதும்போது மட்டும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே ஒரு நோக்கம் எழுத வேண்டும்: 'பாட இறுதியில் பத்து மாணவர்களில் எட்டுப் பேர் சரியான விடையைக் கூறுவர்.'

"மத்த ரெண்டு பேரு?" என்று கேட்டேன்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள், "அவங்க நோக்கத்துல இல்லக்கா."

அந்த ஆண்டு அவளை மட்டும் சோதிக்கவில்லை. கல்லூரியையே சோதித்தார்கள். அங்கே கொடுக்கும் பயிற்சியை அங்கீகரிக்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அதிகாரி கிளம்பியிருந்தார். கல்லூரிக் கட்டடத்தையோ நூலகத்தையோ அவர் பார்க்கவில்லையாம். பயிற்சி ஆசிரியர்கள் பாடம் நடத்துவதால் பிள்ளைகளுக்கு என்ன கூடுகிறது என்று அளக்கப் போகிறாராம். எங்கள் வகுப்பும் அதில் ஒன்று.

"அளக்கட்டும்" என்றார் பெரிய வாத்தியார். "நாம ரெடியா இருந்தாப் போதும்."

ரெடியாவது எப்படி என்று தோட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிச் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பாடத்துக்கும் அடித்தோம். பாடம் கிலோகிராமும் கிராமும். வீட்டில் எல்லாரும் இன்னும் 'கட்டி' என்ற பழைய எடைக் கணக்கில்தான் கோழியும் மீனும் வாங்கினார்கள்; அரசாங்கம் கிலோவுக்கு மாறச் சொல்லியிருந்தது. அந்த வாரம் முழுவதும் அவள் அதே பாடத்தை நடத்தினாள். தோட்டக் கடையிலிருந்து எடைக்கற்கள் வந்தன. ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வார்கள். எனக்கே அது பாட்டுப் போல வாயில் வந்தது.

அதிகாரி விரிவுரையாளரின் காரில் வந்தார். மெதுவாகப் பேசுகிற மலாய்க்காரர். விரிவுரையாளர் தமிழர், அவர் சொல்வதை இவர் தமிழில் சொல்வார். வந்ததும் பாடத்தைத் தொடங்கச் சொல்லவில்லை. பத்துக் கேள்வி அச்சடித்த தாளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பாடத்துக்கு முன்னால் ஒரு சோதனை, அதே தாளைக் கொண்டு பாடத்துக்குப் பின்னால் ஒரு சோதனை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆசிரியர் செய்த வேலை. புது முறை. அந்தப் பெண்ணுக்கே அப்போதுதான் தெரியும்.

பிள்ளைகள் மளமளவென்று எழுதி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டார்கள். எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. அவள் பாடம் நடத்தினாள், நன்றாகவே நடத்தினாள். மறுபடியும் தாள். மறுபடியும் பத்துக்குப் பத்து.

அதிகாரி தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். விரிவுரையாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்:

"முன்னாலயும் பத்து, பின்னாலயும் பத்து. அப்ப நடுவுல நடந்தது என்னான்னு கேக்குறாரு."

கணக்குப்படி அவள் கற்பித்தது சூனியம். ஆனாலும் அதிகாரி இரக்கமுள்ளவர். இரண்டு வாரம் கழித்து வேறு பாடத்தோடு இன்னொரு முறை பார்க்கிறேன், அதுதான் கடைசி என்று சொல்லிப் போனார்.

கார் கிளம்பியதும் பெரிய வாத்தியார் வராந்தாவிலேயே கத்தினார்.

"வெள்ள அடிச்ச செவுத்தக் காட்டுனா சந்தோசப்படுவாங்கன்னு பாத்தா, இவங்களுக்கு அழுக்குச் செவுத்தையும் மொதல்ல காட்டணுமாம்லா! எல்லாம் முன்னாலயே தெரிஞ்சுருந்தா டீச்சர் என்னத்தச் சொல்லிக் குடுத்தான்னு கேக்குறான். தப்பா எழுதியிருந்தா இந்தப் பொண்ணு பாஸ் ஆயிருக்கும்!"

ஜன்னல் கம்பிகளில் முகத்தைப் பதித்துக்கொண்டு மூன்றாம் வகுப்பு மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த பாடம் லிட்டரும் மில்லிலிட்டரும். இந்தத் தடவை ஒத்திகை கூடாது என்று பெரிய வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு மனம் கேட்கவில்லை. "ஒரே ஒரு தடவக்கா, இல்லன்னா எனக்குப் பாடம் மறந்து போயிடும்" என்று முந்தின நாள் நடத்திப் பார்த்தாள். முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. மேசையில் தலை வைத்து அழுதாள்.

முன் பெஞ்சில் மண்டோரின், அதாவது தோட்டக் கங்காணியின், மகள் இருந்தாள். வகுப்பில் எல்லாப் பொறுப்பையும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறவள். அவள் எழுந்து வந்து, "டீச்சர், அழுவாதீங்க. நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். ஓய்வு நேரத்தில், அவள் அப்பா காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பாரே, அதே மாதிரி பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் நிறுத்திக் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன்.

மறுநாள் அதிகாரி வந்தார். முதல் தாளைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் குனிந்து மிகுந்த சிரமத்தோடு எழுதினார்கள். தெரிந்ததைத் தவறாக எழுதுவது கடினமான வேலை போலிருக்கிறது. ஒருவன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்.

எல்லாருக்கும் பூஜ்யம். ஒரு லிட்டருக்கு மூன்று மில்லிலிட்டர். ஒரு லிட்டருக்கு ஐந்து கட்டி. தப்பாக எழுத மனம் வராத பையன் ஒருவன் பத்துக் கேள்விக்கும் ஒரே பதில் எழுதியிருந்தான்: 'இன்னும் தெரியாது.' மண்டோர் மகள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். தன் பெயரையும் தவறாக எழுதியிருந்தாள்.

விரிவுரையாளர் 'இன்னும் தெரியாது' என்பதைப் பார்த்து வெலவெலத்துப் போனார். அதிகாரி அது என்ன என்று கேட்டார். வேறு வழியில்லாமல் இவர், "பெலும் தாவு" என்று மலாயில் சொன்னார்.

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "பெலும்!" என்றார். "புக்கான் தா தாவு. பெலும் தாவு!" தெரியாது என்று எழுதவில்லை, இன்னும் தெரியாது என்று எழுதியிருக்கிறான், கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிற பிள்ளை மட்டுமே இப்படி எழுதும் என்று விரிவுரையாளரிடம் விளக்கினார். விரிவுரையாளரும் அது கல்லூரியின் பயிற்சிதான் என்பதைப் போலத் தலையசைத்தார்.

பாடம் நடந்தது. இரண்டாம் தாள். எல்லாருக்கும் பத்து. மண்டோர் மகளின் பெயரும் சரியாகிவிட்டது.

அந்தப் பெயரைத்தான் அதிகாரி வெகுநேரம் பார்த்தார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு கடைசி பெஞ்சில் இருந்த என்னிடம் வந்தார்.

"நீங்கதான் இந்தக் கிளாஸ் டீச்சரான்னு கேக்குறாரு" என்றார் விரிவுரையாளர்.

"ஆமா."

"எத்தன வருசமா வேல செய்றீங்க?"

"நாலு."

"பயிற்சி?"

"இல்ல."

அதிகாரி மரியாதையோடு, கொஞ்சம் வருத்தத்தோடும் தலையசைத்தார். இத்தனை மாதம் என்னிடம் இருந்தும் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத ஒரு பிள்ளை, பயிற்சி பெற்ற ஒருத்தியிடம் அரை மணி நேரத்தில் எழுதக் கற்றுக்கொண்டுவிட்டது. வேறென்ன நினைப்பார்? மண்டோர் மகளுக்கு முதல் வகுப்பில் விரலைப் பிடித்துப் பெயர் எழுதச் சொல்லித்தந்ததே நான்தான். ஒரு வார்த்தை சொன்னால் என் பெயர் நிற்கும், நாற்காலியும் நிற்கும். கரும்பலகைக்குப் பக்கத்தில் பயிற்சிக்கு வந்த பெண் வெளுத்துப்போய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்டோர் மகளும் பார்த்தாள், வேலையைச் சரியாக முடித்த திருப்தியோடு.

எனக்குக் குரல் வரவில்லை. அது கூச்சமா, பிரியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெலும் தாவு.

அவள் தேறினாள். கல்லூரியின் பயிற்சியையும் அங்கீகரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆண்டுக் கடைசி நாளில் அவள் சாமான்களை எடுக்க வந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"பெரியவங்க முன்னால எனக்குப் பேச்சு வராதுன்னு ஒனக்குத் தெரியும்லா."

"அது மட்டும்தானாக்கா?"

"சீயம் இருந்தா எடு. பசிக்குது."

ஜனவரியில் நான்காம் வகுப்புக்கு ஏறிய அதே பிள்ளைகளோடு அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஜெலாப்பாங் பஸ்ஸில் ஏறினேன். குழாயடி அக்காவின் மகள் உண்மையாகவே இடம் போட்டு வைத்திருந்தாள். அந்தத் தொழிற்சாலையிலும் ஒருவர் கையில் கடிகாரத்தோடு வந்து எங்கள் வேகத்தை அளப்பார். அவர் முதல் முறை வரும்போது எல்லாரும் மெதுவாகச் செய்ய வேண்டும் என்று பக்கத்துப் பெண் என் காதில் சொன்னாள். அந்தப் பாடம் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவளிடம் சொல்லவில்லை.

பயிற்சி பெற்றவர்களைத் தோட்டத்தில் யாரும் வைத்திருக்க முடிந்ததில்லை. செம்மண் சாலையும் பஸ்ஸும் அந்தப் புது டீச்சருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தவணை முடிந்ததும் ஈப்போ டவுன் பள்ளிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். போகும்போது மறுபடியும் அழுதாள் என்று கேள்வி. பெரிய வாத்தியார் என்னைத் திரும்பக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். எங்கள் பள்ளியில் நிரந்தரமாக இருந்தது தற்காலிக ஆசிரியை மட்டும்தான்.

திரும்பிப் போன அன்று, பிள்ளைகள் எதுவரைக்கும் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கரும்பலகையில் சில கணக்குகளைப் போட்டேன். நான்காம் வகுப்புக்கு வந்துவிட்ட அவர்களில் ஒருவரும் பென்சிலை எடுக்கவில்லை. மண்டோர் மகள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இது மொத டெஸ்டா, ரெண்டாவது டெஸ்டா?"

வகுப்பு மொத்தமும் பதிலுக்குக் காத்திருந்தது.

"ரெண்டாவது" என்றேன்.

எல்லாரும் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள்.