அறுநூறு ஜாதகங்களோடு ஒரு கிரிவலம்

2006இல் பொங்கலும் பௌர்ணமியும் ஒரே நாளில், சனிக்கிழமையில் வந்தன. இப்படிச் சேர்ந்து வருவது அபூர்வம், நான்கு நாள் விடுமுறையும் கிடைக்கிறது, திருவண்ணாமலைக்குப் போய் மலையைச் சுற்றி வருவோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். விடுமுறை என்றால் அவருக்கு உண்மையிலேயே விடுமுறை. எனக்கு அப்படியில்லை. அம்பத்தூரில் ஒரு மாடி அறையில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். மார்கழி முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன், தை பிறந்த அன்றே தொலைபேசி அலறத் தொடங்கிவிடும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. விடுமுறையில் மாடிக்கு வெள்ளையடிக்க வீட்டுக்கார அம்மாள் ஆள் சொல்லியிருந்தார். நான்கு நாள் அறைச் சாவி யார் யார் கையிலோ இருக்கும், உள்ளே என் கம்ப்யூட்டரும் இருக்கும். அதில் அறுநூறு பேரின் ஜாதகம், புகைப்படம், சம்பளம், விலாசம் எல்லாம் உண்டு. அதோடு ‘குறிப்பு’ என்று ஒரு கட்டமும் உண்டு. வீட்டில் நான்கு பேருக்கு மட்டும் தெரிந்ததை என்னிடம் ஐந்தாவதாகச் சொல்வார்கள், அதை அங்கே எழுதிவைப்பேன்.

அந்தக் கட்டத்தில் ஒருவர், கலைவாணி என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றிவிட்டேன். “எழுதுங்க, நாலு பேராவது ஜாக்கிரதையா இருப்பாங்க” என்று அவரே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். விவாகரத்து ஆனவர். பழைய கணவன் விடாமல் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு வேலை, மூன்று வீடு மாறித் தப்பித்திருந்தார். அப்போது அவர் குடியிருந்த விலாசம் அவருடைய அண்ணனுக்கும் எனக்கும்தான் தெரியும். அந்தக் கணவனுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை.

எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டேன். மஞ்சள் கயிற்றில் கோத்து, சாமி படத்தின் முன் வைத்து எடுத்து, கழுத்தில் மாட்டிக்கொண்டேன். “தாலிக்குக்கூட இவ்ளோ மரியாதை தரல நீ” என்று வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும், எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போகியன்று காலை 6.20க்குக் கோயம்பேட்டில் பேருந்து. ஆளுக்கு 72 ரூபாய். திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கிலோமீட்டர். போகிப் புகையில் வண்டி ஊர்ந்து, போய்ச் சேரும்போது மணி 12.10. ரமணாசிரமம் பக்கம் செங்கம் சாலையில் ஓர் அறை எடுத்தோம், நாளைக்கு 400 ரூபாய். சாதாரண நாளில் 250தானாம், பௌர்ணமி என்றால் ஜாஸ்தி. வழியெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோயில் ராஜகோபுரத்திலிருந்து வெறுங்காலில் நடக்கத் தொடங்கினோம். மொத்தச் சுற்று 14 கிலோமீட்டர். எங்கள் அறை இருந்த ரமணாசிரமம் பக்கம் வந்தபோது எட்டு மணி இருக்கும், கைப்பேசி அடித்தது. வேலூரில் ஒரு மாப்பிள்ளையின் அப்பா.

“பொண்ணு ஜாதகம் இன்னிக்கே வேணும்மா. தை மொத நாளு. ஒம்போது மணிக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிடும், அதுக்கு முன்னாடி வந்துட்டா நல்ல சகுனம்னு ஜோசியர் சொல்லிட்டாரு. பையன் கம்ப்யூட்டர் முன்னாடிதான் குந்தினு இருக்கான்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ராகுகாலம் என்று சொல்லிவிட்டால் என் தொழிலில் பேச்சுக்கு இடமில்லை. இரண்டு மாதமாக நகராத சம்பந்தம் வேறு. வெளிநாட்டுக்காரர்களுக்காகப் பொங்கலன்றும் திறந்திருந்த பிரவுசிங் சென்டர் ஒன்றில் நுழைந்தேன். மணிக்கு 20 ரூபாய். கடைக்காரர் என்னை முதல் மெஷினில் உட்காரவைத்தார்.

“பென் டிரைவ்லருந்து நேரா அனுப்புனா இந்த மெஷின் தொங்கிடும்ங்க. டெஸ்க்டாப்ல காப்பி பண்ணிட்டு அனுப்புங்க.”

ஒரு ஜாதகத்தைத் தேடி எடுக்கப் பொறுமையில்லை. கோப்புறையை அப்படியே டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டு, அதிலிருந்து அந்தப் பெண்ணின் ஜாதகத்தை மட்டும் மின்னஞ்சலில் இணைத்தேன். இணையம் நத்தையாக ஊர்ந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தேன். எட்டு ஐம்பத்திரண்டுக்கு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. அப்பாடா! கணக்கிலிருந்து வெளியேறினேன், பென் டிரைவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினேன், இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

அடி அண்ணாமலை வரும்போது பத்தரை. பாதையோரம் ஓர் அம்மாளின் கடையில் டீ குடித்தோம், மூன்று ரூபாய். “ராகுகாலம் உன்ன ஒண்ணும் பண்ணலையே?” என்று வீட்டுக்காரர் சீண்டினார். எனக்கு ஒரே பெருமை. “எட்டு நிமிஷம் முன்னாடியே அனுப்பிட்டேன் தெரியுமா? அந்த மெஷின் தொங்குதுன்னாரு, சரின்னு மொத்தத்தையும் டெஸ்க்டாப்ல காப்பி பண்ணி...”

கை கழுத்துக்குப் போனது. பென் டிரைவ் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்த அறுநூறு பேரும் செங்கம் சாலையில் ஒரு திரையின் நடுவில், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கலைவாணியின் வீட்டு எண், தெரு, அடையாளத்துக்குப் பிள்ளையார் கோயில், எல்லாம் நானே சுத்தமாகத் தட்டச்சு செய்தது.

“பாதி சுத்துல விடக்கூடாதும்பாங்களே” என்று வீட்டுக்காரர் தயங்கினார். டீக்கடை அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், “சாமி எங்கயும் போவாது, இங்கயேதான் நிக்கும். நீ போம்மா, போற காரியத்தப் பாரு” என்றார். அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும்.

பௌர்ணமியன்று பாதையில் ஆட்டோவை விடமாட்டார்கள். ஊருக்குள் ஓர் ஆட்டோவைப் பிடித்தோம். 150 கேட்டார். பேரம் பேசாமல் நான் ஏறிய ஒரே ஆட்டோ அதுதான். “இன்னாம்மா, பர்ஸ் விட்டுட்டீங்களா?” என்று கேட்டார் ஓட்டுநர். பர்ஸ் என்றால் அழுதுவிட்டுப் போய்விடுவேனே என்று நினைத்துக்கொண்டேன். சந்து சந்தாகச் சுற்றிப் போக நாற்பது நிமிடம் ஆயிற்று.

கடை பூட்டியிருந்தது. ‘பொங்கல் வைக்கப் போகிறோம், 12 மணிக்குத் திறக்கும்’ என்று ஓர் அட்டை தொங்கியது. பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரரிடம் கெஞ்சி, கடைக்காரரின் வீட்டுக்கு போன் போடவைத்தேன். கையில் மஞ்சளோடு வந்து சேர்ந்தார், பாவம். திரை வெளிச்சமானது. கோப்புறை நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

“கஸ்டமர் எழுந்தா டெஸ்க்டாப்ப தொடச்சிடுவேன்ங்க, எச்ச எல எடுக்கற மாதிரி. இன்னிக்கு பானை வெக்கற அவசரத்துல வுட்டுட்டேன்” என்றார். அவர்மேல் என்ன தப்பு? சாப்பிட்டு எழுந்தது நான்தானே.

“எனக்கப்புறம் இதுல யாராவது உக்காந்தாங்களா?”

“ரெண்டு பேர்ங்க. ஒரு வெள்ளக்காரம்மா. அப்புறம் ஒரு உள்ளூர் ஆளு, பத்து நிமிஷம்தான் இருந்தாரு.”

வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டைக் காட்டினார். அந்த உள்ளூர் ஆளின் கையெழுத்து ஒரே கிறுக்கல். உற்றுப் பார்க்கப் பார்க்க எனக்கு அது ஒரே ஒரு பெயராகத்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் அதையே வேறு பெயராகப் படித்தார். ஆள் எப்படி இருந்தார் என்று கேட்டேன். “சாதாரணமா இருந்தாருங்க” என்றார் கடைக்காரர். கோப்புறையை அழித்தேன், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். பார்த்த கண்ணிலிருந்து அழிக்க முடியுமா?

சொல்லாமலேயே விட்டுவிடலாம் என்று அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கடைசியில் கலைவாணியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எந்த ஊர்லக்கா?”

சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது, யாரும் அணைக்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பௌர்ணமிக்கு அறை வேண்டுமானால் ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். காலை ஆறு மணிக்குள் நடக்கத் தொடங்கினால் தார் சுடுவதற்குள் முடித்துவிடலாம். நாங்கள் முடிக்கவில்லை. விடுமுறைக்குக் கிளம்பும்போது பிறருடைய விவரங்களை உடன் எடுத்துப் போகாதீர்கள். நம்பிக்கையான ஒருவர் வீட்டு பீரோவில் பூட்டிவிட்டுப் போங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கடவுச்சொல் போடுங்கள், அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை நான் மஞ்சள் கயிறு கோப்பதில் செலவழித்தேன். வெளிக் கம்ப்யூட்டரில் எதையும் இறக்காதீர்கள், யார் எந்தக் காலத்தைச் சொல்லி அவசரப்படுத்தினாலும் சரி. இவ்வளவுக்குப் பிறகு அந்த வேலூர்ச் சம்பந்தம் பொருத்தமில்லை என்று நின்றுபோனது.

அந்த ஆள் யார் என்று இன்றுவரை தெரியாது. கலைவாணி அடுத்த வாரமே வீடு மாறினார், நான்காவது முறையாக. இப்போதும் என் மையத்தில்தான் பதிவு வைத்திருக்கிறார், மாதம் ஒருமுறை அவரே கூப்பிடுவார், நன்றாகத்தான் பேசுகிறார். புது விலாசத்தை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.