எலியிடம் உத்தரவு கேட்டவர்

எலியைக் கொல்வதற்கு எலியிடமே உத்தரவு கேட்ட ஆள், எனக்குத் தெரிந்து, காளை அண்ணன் ஒருவர்தான். நாகமலை புதுக்கோட்டை தாண்டி இருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் இருவருக்கும் வேலை. அவை வயல் எலிகள் அல்ல. நரம்பு செத்து, கை கால் விழுந்து, கடைசியில் மூச்சும் நின்றுபோகும் நோய் ஒன்று மனிதர்களுக்கு உண்டு. அதற்கு மருந்து தேடுவதற்காக, அந்த நோயைத் தரும் மனித மரபணுவை எலிக்கருவில் சேர்த்து உண்டாக்கிய வம்சம் அது. குட்டியில் துறுதுறுவென்று ஓடும். சில மாதத்தில் பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். சாய்ந்தால் எழ முடியாத நிலை வந்ததும் வாயுப் பெட்டியில் வைத்து முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்திருப்பது வதை என்பது விதி.

அண்ணனுக்கு அழகர்கோவில் பக்கம் குலசாமி. அங்கே கிடா வெட்டுமுன் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சம்மதம் என்று அர்த்தம். சிலிர்க்காத கிடாவின் மேல் அரிவாள் படக்கூடாது. அந்த முறையை இவர் எலிக்கும் கொண்டுவந்துவிட்டார். முதுகில் ஒரு சொட்டு விட்டு, அது சிலிர்த்த பிறகுதான் தூக்கிக் கொடுப்பார். ஒரு சொட்டில் ஒன்றும் கெட்டுவிடாது என்று ஆராய்ச்சி மாணவி தமிழ்வாணியும் விட்டுவிட்டார். "அடுத்து மாலை வாங்கியாரவாண்ணே?" என்று நான்தான் கிண்டல் செய்வேன்.

போன வருஷம் அவர் மனைவி ரெங்கம்மாளுக்கு இடது காலில் செருப்பு நிற்கவில்லை. விளாங்குடி வீட்டு வாசலில் அவர் நடந்ததை அண்ணன் பார்த்தார். அதே இழுப்பு. மறுநாள் கூண்டுகளுக்கு முன்னால் நின்று அழுதார். ஆஸ்பத்திரியிலும் பிறகு அந்த நோயைத்தான் சொன்னார்கள். சீக்கிரம் மருந்து வந்துவிடுமா என்று தமிழ்வாணியிடம் ஒரே ஒருமுறை கேட்டார். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்புறம் ஒரு பெட்டை எலிக்குக் கடைசி நிலை வந்தது. அண்ணன் சொட்டு விட்டார். அது சிலிர்க்கவில்லை. மறுபடியும் விட்டுப் பார்த்தார். ஒரு நாள் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினார். தமிழ்வாணி மனசு கேட்காமல், விதியை மீறி விட்டுவிட்டார். மறுநாள் காலையில் அது தீனிக்கு ஒரு விரல்கடை தள்ளி, தன் ஈரத்திலேயே கண்ணைத் திறந்தபடி கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சிலுக்குறதுக்கு அதுகிட்ட தெம்பு எங்கண்ணே இருக்கு? அதைத்தான நம்ம எடுத்துட்டோம்."

அண்ணன் தன் கையாலேயே அதைப் பெட்டியில் வைத்தார்.

அன்று சாயங்காலம் நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ரெங்கம்மாளுக்கு அப்போதே நாக்குக் குழறத் தொடங்கிவிட்டது. "என்னைய அப்படிப் போட்டு வச்சிராதீக. கழுத்துல ஓட்டை போட்டு மெஷின் எல்லாம் வேணாம்" என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்த்து அழுத்தமாகத் தலையாட்டினாராம். அண்ணன் காதில் விழாத மாதிரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இதை என்னிடம் சொன்னபோதுகூட வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

இந்தச் சித்திரையில் ரெங்கம்மாளுக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போயிருந்தேன். மெஷின் போடலாமா, பேச்சு இருந்தபோது அவர் ஏதாவது சொன்னாரா என்று டாக்டர் தணிவாகக் கேட்டார். அண்ணன் கட்டிலருகே போனார். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து மனைவியின் நெற்றியில் வைத்தார். வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை. கண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நிமிர வெகுநேரமாயிற்று.

"வேணாம் சார்" என்றார். "அவ எப்பவோ தலையாட்டிட்டா. நான்தான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."