அஞ்சலை கழற்றிய பச்சைக் கையுறை

டெல்லியில் பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் இருந்த எங்கள் தமிழ்க் குடிசைப்பகுதி மதராசி கேம்பைப் புல்டோசர் வந்து இடித்தது ஒரு கோடையில். அதற்கடுத்த குளிரில், பனிமூட்டத்தால் ரயிலெல்லாம் அங்கங்கே நின்றுபோன ஒரு வாரத்தில், அஞ்சலை செத்துப்போனாள். எனக்கு எழுத்துத் தெரியாது. வருடத்தை இப்படித்தான் சொல்லத் தெரியும்.

அவள் மகள் செல்விதான் போன் பண்ணினாள்.

"பெரியப்பா, அம்மா போயிட்டாங்க."

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

"ஆஸ்பத்திரியா? மூணு நாளா கூப்பிட்டேன், வரலேன்னுட்டாங்க. 'என்னைத் தொட அங்க யாருக்குடி பர்மிஷன் இருக்கு'ன்னு கேட்டுட்டுச் சிரிக்கிறாங்க. மூச்சு முட்டுது, அப்பவும் சிரிக்கிறாங்க."

கேம்ப்காரர்கள் நாம் இப்போது திசைக்கு ஒருவராகக் கிடக்கிறோம். அவள் எதற்குச் சிரித்தாள் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல, சாம்பமூர்த்தி சாரின் மகள் கௌரி எழுதுகிறார். முன்பு ஒரு தடவை அவருடைய அப்பா எழுதினார். அதுதான் விஷயமே.

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் வேப்பமரத்தடியில் நாற்பது வருடம் இஸ்திரி போட்டவன் நான். எந்தச் சட்டை எந்த வீடு என்று துணியில் குறி போட்டதில்லை. பார்த்தால் போதும், மண்டையில் நின்றுவிடும். ஒரு கைக்குட்டை மாறியதில்லை. அதில் எனக்குத் திமிர் உண்டு.

கொரோனாவில் ஜனங்கள் ஆக்ஸிஜன் சிலிண்டருக்குத் தெருவில் வரிசை நின்ற அந்தச் சித்திரை மாதத்தில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு அறையில் நான்கு கட்டில். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சாம்பமூர்த்தி சார், ரிட்டையர்டு செக்ஷன் ஆபீசர். அவர் சட்டைகளை வருடக்கணக்காக நான்தான் தேய்த்தேன். அவரைச் சட்டையில்லாமல் அன்றுதான் பார்த்தேன். எதிரே ஆட்டோ ஓட்டும் ரஃபீக். ஜன்னலோரம் மிட்டாய்க் கடைக்காரர் குல்தீப்ஜி.

டாக்டர் வாசலில் நின்று, "பேட் கே பல் லேட்டோ!" என்று கத்திவிட்டுப் போவார். குப்புறப் படுக்க வேண்டுமாம். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு இதுபோல இருபது வாசல். ஆனால் திரும்பிப் படுக்கத் தெம்பு இருந்தால் நாங்கள் ஏன் அங்கே கிடக்கிறோம்? அந்த நேரத்தில் தரை துடைக்க வந்தவள்தான் அஞ்சலை. கான்ட்ராக்ட் வேலை. வாளி, துடைப்பான், முழங்கை வரைக்கும் தடித்த பச்சைக் கையுறை. நோயாளியைத் தொடக் கூடாது என்பது அவளுக்குப் போட்ட முதல் சட்டம்.

கேம்பில் எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசை அவள் வீடு. என்னைப் பார்த்ததும் வாளியை வைத்தாள். "யோவ் பெரிசு, மல்லாந்து கெடந்தா மேலதான் போவ. திரும்பு." சொல்லிக்கொண்டே தோளுக்கடியில் கை கொடுத்துப் புரட்டிவிட்டாள். மாவு மூட்டையைப் புரட்டுவது போல.

அன்றிலிருந்து நான்கு பேரையும் அவள்தான் புரட்டினாள். ஆக்ஸிஜன் பாட்டிலில் குமிழி வருகிறதா என்று பார்ப்பாள். தண்ணீர் குறைந்தால் ஓடிப்போய் சிஸ்டரைக் கூட்டி வருவாள். சிஸ்டர்கள் பாவம், இரண்டே பேர், மாடி முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

குல்தீப்ஜி மட்டும் முதல் நாள், "கக்கூஸ் கழுவுகிற கை என் மேல் படக் கூடாது" என்றார். அஞ்சலை இந்தியிலேயே, "அச்சா பாபுஜி, நான் தொடல. நீங்களே திரும்பிக்குங்க" என்றாள். தரையைத் துடைத்தபடி வேடிக்கை பார்த்தாள். அவர் ஒரு கையை ஊன்றினார், விழுந்தார். மறுபடி ஊன்றினார். முகம் நீலமாகிவிட்டது. கடைசியில், மகளே என்று இந்தியில், "பேட்டீ..." என முனகினார்.

"இப்ப பேட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டாள்.

பக்கத்து அறையில் தினமும் ஒருவரைத் துணி சுற்றிக் கொண்டுபோனார்கள். "உனக்கு அழுகை வராதா?" என்று ரஃபீக் கேட்டான். "நான் போனதுக்கு அழுதா இருக்கறதுக்கு யாரு குமிழி பாக்குறது? நீ பாக்குறியா?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாருடைய மாஸ்க் நழுவிவிட்டது. கண் மேலே செருகிக்கொண்டது. அஞ்சலை ஓடி வந்தாள். அந்தத் தடித்த கையுறையோடு மாஸ்க்கின் வார் பிடிபடவில்லை. இரண்டையும் கழற்றி இடது கக்கத்தில் செருகிக்கொண்டு, வெறும் கையால் மாஸ்க்கை அழுத்திப் பிடித்தபடி நின்றாள். சிஸ்டர் வந்து சேரும்வரை கையை எடுக்கவில்லை. நான் குப்புறக் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு பேரும் பிழைத்து வெளியே வந்தோம். குல்தீப்ஜி கடையிலிருந்து டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் லட்டு டப்பா போனது. அஞ்சலைக்கு என்ன செய்வது என்று கேட்டோம். "ஒண்ணும் வாணாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க, அது போதும்" என்றாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம். நான்கு முட்டாள்கள்.

சாருக்குத்தான் அந்த யோசனை வந்தது. "புடவை எடுத்துக் குடுத்தா கிழிஞ்சு போயிடும். ஃபைல்ல ஏத்தணும். சூப்பரின்டெண்டுக்கு ஒரு லெட்டர், மினிஸ்ட்ரிக்கு ஒரு காப்பி. ஃபைல்ல ஏறிடுத்துன்னா அவளை பர்மனென்ட் பண்ணித்தான் ஆகணும்." முப்பத்தைந்து வருடம் ஃபைலையே சாமியாகக் கும்பிட்டவர். அவர் சொன்னால் எங்களுக்கு வேதம்.

அவருக்குக் காய்ச்சலில் பாதி நினைவில்லை. எனக்கு ஒன்று விடாமல் இருந்தது. என்றைக்கு, எந்தக் கட்டில், எத்தனை தடவை புரட்டினாள், எல்லாம் சொன்னேன். கக்கத்தில் செருகிய கையுறையையும் சொன்னேன். சார் பேனாவை நிறுத்திவிட்டு, "உன் மண்டை ஒரு ரிஜிஸ்டர் புக்குடா" என்றார். குளிர்ந்துபோனேன். மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் பெருவிரலை வைத்தேன்.

பத்தாம் நாள் அவளைக் கூப்பிட்டார்கள். அவளே என் இஸ்திரி மேஜைக்கு வந்து சொன்னாள்.

"லெட்டரைப் படிச்சுக் காட்டி, தரை தொடைக்கறவ எதுக்கு நோயாளியத் தொட்டேன்னாங்க. தொடவே இல்ல சார், அவங்க ஜுரத்துல ஏதோ உளறியிருக்காங்கன்னேன். சூப்பர்வைசர் சிரிக்கிறான் பெரிசு. 'ஜுரத்துல உளர்றவனுக்கு நீ கிளவுஸைக் கழட்டி எந்தக் கக்கத்துல செருகினேன்னு தெரியுமா? வெறுங்கையால தொட்டிருக்க. அவங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?'ன்னு கேக்குறான். அதுக்கு நான் என்னத்தச் சொல்ல? நாளையிலேர்ந்து வேலைக்கு வராதேன்னுட்டாங்க."

நான் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். கீழே ஒரு சட்டை காலர் தீய்ந்தது. நாற்பது வருடத்தில் நான் தீய்த்த ஒரே சட்டை.

"லெட்டரு சாரோட யோசனை, சரி. இந்தக் கக்கம் யாரோட யோசனை?" என்று கேட்டாள். நான் தீய்ந்த காலரை உள்பக்கமாக மடித்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சார் ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை நடந்தார். எழுதியதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று இன்னொரு கடிதம் கொடுத்தார். அதுவும் ஃபைலில் ஏறியது, அவ்வளவுதான். குல்தீப்ஜி அவள் வீட்டுக்கு லட்டு டப்பா அனுப்பினார். "இனிப்பு கம்மி" என்று சொல்லியனுப்பினாள். பிறகு ஜங்புராவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அந்த வீடுகளின் துணிகளை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவாள். மூட்டையை வைத்துவிட்டுப் போகும்போது ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு: "பெரிசு, நான் இன்னைக்கு என்ன பண்ணேன்னு ஞாபகம் வெச்சுக்காத."

கேம்ப் போன பிறகு நான் நரேலாவுக்கு வந்தேன், அவள் பதர்பூர் பக்கம் வாடகைக்குப் போனாள். இரண்டும் டெல்லிக்கு இரண்டு முனை. செல்வி போன் பண்ணிய அன்று மூன்று பஸ் மாறிப் போனேன். பனியில் பஸ் ஊர்ந்தது. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, சாம்பலுக்குக் காத்திருந்தார்கள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" என்று செல்வியிடம் கேட்டேன். அவள் தயங்கினாள்.

"சொன்னாங்க பெரியப்பா. 'நான் செத்தா பெரிசுக்குச் சொல்லாத. எப்படிச் செத்தேன்னு நாள் நேரத்தோட ஊரெல்லாம் சொல்லிடும்'னாங்க."

அதையும் சொல்லிவிட்டேன்.

கையுறை விஷயம் வந்தபோது கௌரி எழுதுவதை நிறுத்தி, "இது வேண்டாமே" என்றார். போடும்மா என்றேன். இனிமேல் அவளை வேலையை விட்டு எடுக்க ஆளில்லை.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். இன்றைக்கும் நான் மல்லாந்து படுப்பதில்லை. படுத்தால், "யோவ் பெரிசு" என்று கேட்கிறது. திரும்பிவிடுகிறேன்.

அந்தக் கடிதத்தின் அடியில் நான்கு பேர். கடிதம் போன மறுவருடம் சார் போனார். அதற்கடுத்த தீபாவளிக்கு முன்னால் குல்தீப்ஜி. கேம்ப் இடிவதற்கு முன்பே ரஃபீக். மிச்சம் அந்தப் பெருவிரல். அதன் பக்கத்தில் சார் இங்கிலீஷில் ஒரு பெயர் எழுதினார். பெரிசு, இஸ்திரி என்றே கூப்பிட்டு யாருக்கும் தெரியாமல் போன பெயர். வீராசாமி.